பல்பொடி போட்டுத் தேய்த்த வெள்ளைப் பைப்

கப்பல்களுக்கு நடுவே எப்போதாவது வீட்டுக்கு வந்துபோன என் பிரியமான அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உங்களுக்கு வருஷப் பூசை வைத்தோம். நான் அழவில்லை. பெரியம்மா அதைக் கவனித்து அம்மாவிடம் சொன்னாராம். வருஷத்தில் பத்து மாதம் நீங்கள் கடலில் இருந்தீர்கள். கடைசி இரண்டு வருஷம் நம் வீட்டு மாடியில் இருந்தீர்கள். உங்களுக்காக எப்படி அழ வேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உங்கள் புகையிலைப் பைப்களைத் துடைத்து வைத்தேன். அதில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பூசைக்கு முந்தின வாரம் பீரோவின் மேலே இருந்து அந்த ஷூ பெட்டியை இறக்கினேன். நீங்கள் புகைத்த மூன்று மரப் பைப்கள், பிறகு இரண்டு கல் பைப்கள். "தூக்கிப் போடு, இதுதான் உங்கப்பாவக் கொண்டுபோச்சு" என்றாள் அம்மா. டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். ஆனாலும் நான் போடவில்லை.

மரப் பைப்கள் சுலபம். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி, மிளகளவு எடுத்து, உங்கள் பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். துணி சூடாகும்வரை விடக் கூடாது. முதலில் மங்கிப்போகும். பிறகு மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது பைப்புக்கு அவளே ஒரு துணியை மடித்துக் கொடுத்தாள்.

அடுத்து கல் பைப்கள். ஒன்று ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்ததால் மற்றதை எடுத்தேன். கடல் நுரை மாதிரி வெள்ளையான கல் என்று நீங்கள் ஒரு தடவை சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அது நாட்டுச் சர்க்கரை நிறத்தில் இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். வெள்ளிச் சிலுவை கறுத்தால் நம் வீட்டில் பல்பொடி போட்டுத்தானே தேய்ப்போம்? அதையே செய்தேன். வெந்நீர், பழைய பிரஷ், ஒரு மணி நேரம். ஒரு பக்கம் சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்தது, மறுபக்கம் திட்டுத் திட்டாக நின்றது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதற்கு மெழுகு எப்படிப் போடுவது என்று போனில் பார்த்தேன். வீடியோவில் ஒருவர் பழுப்புக் கல் பைப் ஒன்றைக் கைக்குட்டையால் தொட்டு எடுத்தார். அது அழுக்கு இல்லையாம். புகை கல்லுக்குள் இறங்கி, வருஷக்கணக்கில் வருகிற நிறமாம். தேன்மெழுகை உருக்கிப் பூசிப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, நிறம் வரவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். "அய்யோ, இதுலதானடி பந்தயமே!" என்று தலையில் கை வைத்தாள். அப்போதுதான் எல்லாம் சொன்னாள். நீங்களும் உங்கள் கப்பல் சிநேகிதர் சம்பத் மாமாவும் துருக்கியில் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினீர்களாம். யாருடையது அதிகம் பழுக்கிறதோ அவருக்கே இரண்டும். ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டு வாசலுக்கே புகை வரக் கூடாது என்பதால் அவர் பைப்பும் நம்மிடமே கிடந்ததாம். வாரம் ஒரு நாள் பஸ் ஏறி வந்து நம் மாடியில் புகைத்துவிட்டுப் போனால் எப்படிப் பழுக்கும்?

"பூசைக்கு அவரும் வர்றாரு. வெயில்ல வெளுத்துப்போச்சுன்னு சொல்லிடு. அவரு என்ன, ஆராய்ச்சியா பண்ணப் போறாரு?" என்றாள் அம்மா.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பொய் சொல்வதற்கும் பேசத்தானே வேண்டும்?

பூசை முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, "கொண்டு வாடி அந்தப் பெட்டிய. உங்கப்பன் ஜோசப் ஜெயிச்சுட்டான். என்னுத உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். மூடியைத் திறந்தார்.

"பெருமாளே! யாருடி இவனுக்கு வெள்ளையடிச்சது?"

"அது வெயில்ல..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இல்ல மாமா. நான்தான். பல்பொடி போட்டுத் தேச்சுட்டேன்."

மாமா பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினதுடி இது" என்றார். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு, "வெள்ளப் பொடியா, ரோஸ் பொடியா?" என்று கேட்டார்.

"ரோஸ்."

"அதான் ஜோசப் கிராம்பு மணக்கறான்." அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் பிடிக்கவில்லை. "சரி, பந்தயம்னா பந்தயம். இப்போ என்னுதுதான் பழுப்பு. ரெண்டும் எனக்கு. ஜோசப் தோத்துட்டான்னு கப்பல்காரா எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்று போனில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார்.

"அப்பா தோக்கல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "கெடுத்தது நான். அப்படிச் சொல்லுங்க."

"நான் ஏன் சொல்லணும்? சொன்னா எனக்கில்லையோ நஷ்டம்! நீயே சொல்லு." மைக்கை அழுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அம்மா என்னையே பார்த்தாள். எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. "நான் ஜோசப் பொண்ணு பேசறேன். அப்பாவோட பைப்தான் நல்லா பழுத்திருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நான் தேச்சுட்டேன். பந்தயத்துல அப்பா தோக்கல." அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் பதில் அனுப்பினார்கள். யாரோ ஒருவர், "சம்பத்து, பொண்ணு சொல்றதுதான்டா தீர்ப்பு, மரியாதையா குடுத்துடு" என்றார். மாமா தன் பைப்பை என் பக்கம் தள்ளினார். "பல்லத் தேய், இத மட்டும் தேய்க்காத" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அப்பா, உங்கள் பைப்புக்குப் பழைய நிறத்தை என்னால் கொண்டுவர முடியாது. முடியும் என்று பொய்யாகச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். இது ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று யார் கேட்டாலும், அம்மாவைச் சொல்ல விடாமல், நடந்ததை நானே என் வாயால் சொல்லுவேன்.

பந்தயத்தில் தோற்காத ஜோசப்பின் மகள்,
ஸ்டெல்லா