கோடு போட்ட பறவையை விரட்டாதே

நர்ஸம்மா,

பத்து நாளாக ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. மரத்து உச்சியில் மாங்குயில் ஜோடி கூவுகிறது. கீழே தட்டில் நான் வைக்கும் பப்பாளியை மட்டும் ஏன் தொடுவதில்லை? லிஃப்ட் பழுது பார்க்கிற எனக்கு இது பிடிபடவே இல்லை.

நேற்று நைட் டியூட்டி முடிந்து வந்ததும் நீ, "பழத்துக்கு வர்ற பறவைக்கு நெஞ்சுல கோடு கோடா இருக்கே, அதுவும் மாங்குயில்தாங்க" என்றாய். "தூக்கக் கலக்கத்துல உளறாதே" என்று சிரித்தேன். நீ போய்ப் படுத்துவிட்டாய்.

இன்று காலையில் பார்த்தேன். தங்க மஞ்சளில், கண்ணுக்கு மை இழுத்த மாதிரி இருக்கும் ஆண் மாங்குயில், உன் கோட்டுப் பறவைக்குப் புழு ஊட்டியது! அது அவர்களுடைய குஞ்சு. இப்போது பச்சை கலந்த மஞ்சள், கறுத்த அலகு. வளர வளர அலகு சிவக்கும், கோடு மறையும். எவ்வளவு அழகான ஏற்பாடு! பழத்திருடன் என்று நான் தினமும் கைதட்டி விரட்டியது இதைத்தான். பிள்ளையை விரட்டுகிற வீட்டுக்குப் பெற்றவர்கள் விருந்துக்கு வருவார்களா?

உன் கண்ணுக்கு ஒரு பெரிய கும்பிடு. உளறியது நான்தான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாடிச் சாவி என் பழைய ஷூவுக்குள்.

பி.கு.: மாங்குயில் கீழே இறங்கக் கூச்சப்படும். அதனால் தட்டை எடுத்துவிட்டு, பாதிப் பப்பாளியை உன் ஜன்னலுக்கு நேரே, இலை அடர்ந்த உயரக் கிளையில் கம்பியால் கட்டினேன். கைதட்டவில்லை. நான் கிளம்புகிற இந்த நேரத்தில் மூன்றும் தின்றுகொண்டிருக்கின்றன.