டிஃபரன்ஷியல் ஆயிலும் நீலச் சட்டையும்

என்னங்க,

பாலிகஞ்ச் அக்கா மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், போகிறேன். புளிக்குழம்பு மூடி வைத்திருக்கிறேன். காலையில்தான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனீர்கள், இப்போதாவது சாப்பிடுங்கள். விடியற்காலை சுரங்க முகாமுக்குக் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜீப்புக்கு ஆயில் மாற்ற மெக்கானிக் நிமாய்தா வந்தார். நீங்கள் வாங்கி வைத்த இரண்டு டின்னிலும் தொண்ணூறாம் நம்பர் என்றுதான் இருந்தது. எது கியர்பாக்ஸுக்கு, எது பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு என்று தெரியாமல் விழித்தோம். "டிஃபரன்ஷியல் ஆயில்ல கந்தக வாடை அடிக்கும் அண்ணி" என்றார். அவருக்கோ ஜலதோஷம். நான்தான் மோந்து பார்த்தேன். ஒன்றில், முகாமிலிருந்து நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அடிக்கும் அதே வாடை. அதையே டிஃபரன்ஷியலில் ஊற்றச் சொன்னேன். தப்பாயிருக்காது.

நீலச் சட்டையை நான் தொலைத்துவிட்டேன் என்று காலையில் அந்தக் கத்து கத்தினீர்களே. தொலைக்கவில்லை. என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. போன தடவை நீங்கள் கழற்றிப் போட்டது. துவைக்கவில்லை.

சுலோசனா

பி.கு.: சாம்பல் நிறச் சட்டை துவைத்து நாற்காலியில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நீலத்தை எடுத்துப் போய்விடாதீர்கள். நீங்கள் இல்லாதபோது இந்த வீட்டில் எனக்குத் துணை அது ஒன்றுதான்.