பட்டியலில் இல்லாத காரணம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்வு முடிவு வந்துவிட்டது. முப்பத்து நாலு பேரில் பதினாலு பேர் நாற்பதுக்குக் கீழே. என் வகுப்புதான். கூடவே மேலிடத்திலிருந்து கணினியில் ஒரு படிவம். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்கிறார்கள். எழுத வேண்டியதில்லை, ஆறில் ஒன்றைத் தொட்டால் போதும். பெற்றோர் படிக்காதவர்கள். பெற்றோர் கூலி வேலை. வீட்டு மொழி வேறு. அடிக்கடி இடம் மாறும் குடும்பம். பெற்றோரில் ஒருவர் இல்லை. மற்றவை.

பத்து நிமிடத்தில் பதினாலையும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஏழு வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அந்தப் பதினாலு பேரை அடுத்த வருடம் தனிப் பிரிவில் உட்கார வைக்கப் போகிறார்களாம். பெற்றோர் கையெழுத்துக்காகத் தாள் வீட்டுக்குப் போயிருக்கிறது. சாயங்காலம், அந்தப் பதினாலில் நான் ரெட்டைச்சடை என்று கூப்பிடும் பெண்ணின் அம்மா அதை எடுத்துக்கொண்டு நேரே வேலையிலிருந்து வந்தார்.

"டீச்சர், இதுல என்னமோ டிக் போட்டிருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் படிக்காததாலதான் எம்பொண்ணுக்குக் கணக்கு வரலையா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு எண்ணி வார்டு வாரியாப் பிரிச்சு அனுப்புறேன். ஒண்ணு குறைஞ்சதில்ல." தாளை மடித்தார். "போன வருஷமும் நான் படிக்காதவதானே டீச்சர்? போன வருஷம் அவ எழுபத்தெட்டு வாங்கினாளே?"

கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

பிப்ரவரி 11, புதன்

முப்பத்து நாலு விடைத்தாளையும் தரையில் பரப்பி, பிள்ளை வாரியாக இல்லாமல் பாடம் வாரியாகப் பார்த்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் — ஏறக்குறைய எல்லோரும் சரி. பின்னம், வகுத்தல், சுற்றளவு — முதல் மதிப்பெண்காரன்கூட மார்க்கைக் கோட்டைவிட்டது அங்கேதான்.

அந்த மூன்று பாடமும் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. நான் கால் உடைந்து வீட்டில் கிடந்த நான்கு மாதம். எனக்குப் பதிலாக ஆள் அனுப்பவே இல்லை. பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்து, பலகையில் இருப்பதை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க யாராவது இருந்த பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் காரணம் நானா? நானும்தான். ஆள் அனுப்பாதவர்களும்தான். சத்தியமாக அந்த அம்மா இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களே! உங்க லீவைப் பத்தி இப்ப யார் கேட்டா?"

"யாரும் கேட்கல மேடம். அதனாலதான் சொல்றேன்."

பதினாலு பெயருக்கும் 'மற்றவை' என்று மாற்றி, கீழே தட்டினேன்: 'செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை.' அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மேலிடத்து அதிகாரி போன் செய்தார்.

"பதினாலு பேருக்கும் ஒரே காரணம் போட்டிருக்கீங்களேம்மா. அதெப்படி?"

"பதினாலு பேருக்கும் ஒரே டீச்சர்தானே சார்."

போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. அலுவலகத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்தேனாம், விளக்கம் வேண்டுமாம். வீட்டுக்காரர் இரண்டு முறை படித்தார். "ரிட்டயர் ஆக இன்னும் நாலே வருஷம். சும்மா இருக்க முடியாதா உன்னால?"

முடியாது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடமாக அவருக்கே தெரிந்த விஷயம்தான்.

மூன்று வரியில் விளக்கம் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமலே ஒன்று சொன்னார்: "மார்ச் இருபதாம் தேதி மறுதேர்வு வச்சுக்குங்க. பாஸானவங்க பேரைத் தனிப் பிரிவுலேர்ந்து எடுத்துடறேன். அதுக்குமேல என்னால ஆகாது."

போதும். எனக்கு அது போதும்.

மார்ச் 2, திங்கள்

தினமும் கடைசிப் பாடவேளையில் பின்னம். பதினாலு பேரை மட்டும் பிரித்து வைக்கவில்லை. முப்பத்து நாலு பேருக்கும் சேர்த்தே நடத்துகிறேன், முதல் மதிப்பெண்காரன் முறைத்தாலும் சரி. கால் வலி உயிரை வாங்குகிறது.

மார்ச் 23, திங்கள்

பதினாலில் பன்னிரண்டு பேர் தேறிவிட்டார்கள்.

ரெட்டைச்சடை முப்பத்தாறு. நாலே நாலு மார்க்குடி! எங்கேடி கோட்டைவிட்டே — இல்ல, எங்கே நான் கோட்டைவிட்டேன்? அவளோடு இன்னொருவனும். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

மாலையில் தலைமையாசிரியை விதிப்புத்தகத்தோடு வந்தார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. "தனிப் பிரிவு ஆரம்பிக்கக் குறைஞ்சது பத்துப் பேர் வேணுமாம். ரெண்டு பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எல்லாரும் ஒண்ணாவே உட்காரட்டும்."

இவர் இத்தனை கெட்டிக்காரி என்று இதுவரை எனக்குத் தெரியாது.

ஜூன் 8, திங்கள்

மெமோ என் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்தாம் வகுப்பை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இன்று முப்பத்து நாலு பெயரையும் கூப்பிட்டேன், முப்பத்து நாலு பேரும் வந்திருந்தார்கள். ரெட்டைச்சடையைப் பலகைக்கு அழைத்து, அரையையும் காலையும் கூட்டச் சொன்னேன். ஆறில் இரண்டு என்று எழுதினாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனையும் அழைத்தேன், அவனுக்கும் வரவில்லை. அவன் அப்பா மருந்துக்கடைக்காரர், நன்றாகப் படித்தவர்.

இரண்டு பேரையும் பலகை பக்கத்திலேயே நிற்கவைத்து, முதலிலிருந்து நடத்தினேன்.