கிளைப் அச்சில் ஏறியது

பிப்ரவரி 8, 1994, செவ்வாய்

மீன் அறுக்கிற கூடத்தில் இன்று ஒரே கூத்து. டீ நேரத்தில், என் பக்கத்தில் நின்று மீன் அறுக்கிற ஈஸி புத்தகம் வாசித்தாள். நம் வாத்தியார் மகள் மோர்வன், எடின்பரோவில் உட்கார்ந்து எழுதின நாவல். பொடி எழுத்து எனக்கு ஆகாது, கேட்பதோடு சரி. அதில் 'கிளைப்' என்று வந்ததும் மேசையே குலுங்கியது. போட்டுக்கொடுக்கிற பயலுக்கு எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துப் பெயர்! நாங்கள் படிக்கிற காலத்தில் இந்தப் பேச்சை வகுப்பில் பேசினால் மோர்வனின் அப்பனே தோல்வாரால் உள்ளங்கையில் விளாசுவான். "இனிமே நம்ம வசவெல்லாம் இலக்கியம்டி" என்றேன். ஈஸிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.

பிப்ரவரி 10

கதையில் அந்தக் கிளைப், அளவுக்கு மேல் பிடித்த கள்ளமீன் எந்தப் படகில் வருகிறது என்று அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுகிறான். ஆள் எப்படி என்று இன்று வந்தது. பச்சை சைக்கிள். ஓட்டைப் பல் வழியாக சர்ச் பாட்டு விசில்.

ஈஸி நிறுத்திவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது அப்படியே என் வாட்டி.

"பாத்தீங்களா, என் வீட்டுக்காரன் கதாநாயகன் ஆயிட்டான்" என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. போன அக்டோபரில் என் தம்பி ஹெக்டரின் படகைக் கள்ளமீனோடு பிடித்தார்கள். சொன்னது யார் என்று இதுவரை தெரியாது.

பிப்ரவரி 12

ஜன்னல் வழியாகக் கல். சூப் முழுக்கக் கண்ணாடித் தூள். "உப்பு பத்தலைன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றேன். வாட்டி குனிந்து சில்லு பொறுக்கினான், விரலெல்லாம் ரத்தம். கதவில் சிவப்புப் பெயின்டில் அந்த வார்த்தை.

பிப்ரவரி 13

மோர்வனுக்குப் போன் போட்டேன். எழுதி முடித்தே இரண்டு வருஷம் ஆச்சாம். கிளைப் கற்பனையாம், சைக்கிளும் பல்லும் மட்டும் 'அழகாக இருந்ததால்' எடுத்துக்கொண்டாளாம்.

சர்ச் வாசலில் ஹெக்டரைப் பிடித்தேன். "படகு பிடிபட்டது போன அக்டோபர்ல. கதை எழுதி ரெண்டு வருஷம் ஆச்சுடா, மடப்பயலே!"

"அப்போ மச்சான் ரெண்டு வருஷமாவே போட்டுக்குடுத்திருக்காரு. இல்லாமலா அக்கா புஸ்தகத்துல வரும்?"

இந்தப் பயலோடு பேசுவதற்குப் பதில் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 17

"கிளைப் பொண்டாட்டி வர்றா, வாயை மூடுங்கடி" என்றாள் ஈஸி. கையில் இருந்த மீனாலேயே அவள் மூஞ்சியில் ஒரு போடு போட்டேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. என் முடியில் ஒரு கொத்து அவள் கையோடு போச்சு. என் இன்னொரு கையில் அறுக்கிற கத்தி. கீழே போட்டேன். போட்டுவிட்டேன், அதுவரைக்கும் நல்லது.

பிப்ரவரி 19

எழுத வரவில்லை.

துறைமுகத்தில், பட்டப்பகலில். முதலில் வாட்டியின் சைக்கிளைத் தண்ணீரில் தள்ளினார்கள். அப்புறம் அவனை மீன்பெட்டிகள் மேல் சாய்த்து உதைத்தார்கள். நான் ஓடுறதுக்குள்ள பெட்டி இழுக்கிற இரும்புக் கொக்கியைத் தூக்கினான் ஒருத்தன். தாடை உடைஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "விடுடா, விடுடா"ன்னு கத்துறேன். அவன் என்னைப் பார்த்துக்கிட்டே இன்னொரு தடவை இறக்கினான்.

ஹெக்டர். நான் இடுப்பில தூக்கி வளர்த்த பய.

பிப்ரவரி 20

வாட்டிக்கு இடது கண் போச்சு.

பிப்ரவரி 22

போலீஸ்காரர் ஊரெல்லாம் கேட்டார். துறையில் இருபது முப்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஒன்றுக்குப் போயிருந்தார்களாம்! ஊர்ச் சாக்கடை எப்படித் தாங்கியதோ.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"நாளைக்கு வாங்க" என்றேன். என் வாயா அது?

பிப்ரவரி 23

ஆஸ்பத்திரிக்கு மோர்வன் வந்தாள். பூங்கொத்து. வாட்டியின் மூஞ்சியைப் பார்த்ததும் அழுதாள். "அடுத்த பதிப்புல அந்த வார்த்தையை எடுத்துடறேன் அக்கா."

"எடு. அப்படியே என் கதவுலேர்ந்தும் எடுத்துட்டுப் போ, சுரண்டிச் சுரண்டி நகம் போச்சு" என்றேன். பாவம், என்ன செய்வாள். அப்பன் அடித்து விரட்டின வார்த்தையை மகள் சிங்காரித்துக் கூட்டிவந்தாள். ஊர் அதன் கையில் கொக்கியைக் கொடுத்துவிட்டது.

வாட்டியின் பற்களைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். காகிதத்தில் எழுதிக் காட்டினான்: யாரிடமும் சொல்லாதே. அவன் உன் தம்பி.

அடுத்த தடவை கொன்றே போடுவார்கள். அப்போது யாருக்கு எழுதிக் காட்டுவான்?

பிப்ரவரி 25

போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டேன். பெயர், கொக்கி, எத்தனை அடி, எல்லாம். கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 3

ஹெக்டர் பெண்டாட்டி நடுத்தெருவில் என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டேன். குறி நல்ல குறி.

மே 29, ஞாயிறு

ஹெக்டருக்கு இரண்டு வருஷம் ஜெயில் என்று வெள்ளிக்கிழமை தீர்ப்பு. மீன் கூடத்தில் என் பக்கத்து இரண்டு இடமும் காலி.

இன்று மத்தியானம் கார் வந்தது. அன்றைக்குத் துறையில் உதைத்தவர்களில் மூன்று பேர். அடுப்புக் கம்பியை எடுத்தேன்.

"ஏறு வாட்டி. முன்னாடி உக்காரு, கால் நீட்டலாம். ஒரு பீர் அடிச்சிட்டு வருவோம்" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் இறங்கி, கண் போன பக்கமாக நின்று, தோளைப் பிடித்து ஏற்றினான். தாயைப் போல. "போலீஸ்ல வாயே திறக்காத தங்கமான மனுஷன். என்ன பண்றது, பொண்டாட்டி வாய்ச்சது அப்படி" என்று மூன்றாமவன் சொன்னது எனக்குக் கேட்கவே சொன்னது.

வெளியே குளிர். வாட்டியின் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் நேராகப் பார்த்தபடி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

இனி அவனை யாரும் தொடமாட்டார்கள்.