லிஃப்ட் நான்கு விரல் மேலே நின்றது

ஜூன் 3, செவ்வாய்

சோதனைக் கோபுரத்தில் லிஃப்ட் இன்றும் தளத்துக்கு நான்கு விரல் மேலே நின்றது. முந்நூறு ஓட்டத்தில் ஒரு தடவை. ஏன் என்று மூவுலகிலும் ஒருவருக்கும் விளங்கவில்லை. மேலாளருக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது: உயரத்தைக் கணக்கிடும் சி மொழி நிரலை எழுதியவள் புதிதாகச் சேர்ந்தவள், ஆகவே குற்றவாளி. அவள் என் அக்கா மகள். “வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும் சார். இல்லன்னா அவங்கள நிரந்தரமாக்க முடியாது.” என்னிடமே சொல்கிறார்! என் மூச்சில் அவர் மேசை தீப்பற்றாதது அதிசயம்.

ஜூன் 4

இன்று அவளே என்னைச் சீண்டினாள்.

“மாமா, உங்க உறையை ஒரு தடவை பாத்துடலாமா?”

“சூரியன் கிழக்கதான் உதிக்குதான்னும் பாத்துட்டு வாயேன்!”

“சந்தேகம் வந்தா அதையும் பாப்பேன்.”

என் உறையையா! மோட்டார் சென்சார் கத்தியதும் ப்ராசஸர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடும். அதற்குமுன், கணக்குப் போடும் எண்களை அது வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களில் இருப்பதையெல்லாம் பத்திரப்படுத்தி, சென்சாரைக் கவனிக்கும் சி கையாளியை அழைத்து, முடிந்ததும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் முப்பது வரி அசெம்பிளி நிரல்தான் அந்த உறை. பதினோரு வருடமாக அதில் எறும்புகூட நுழைந்ததில்லை. வாய் மட்டும் அப்படியே அக்கா!

ஜூன் 5

கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டேன். அவளும்தான்.

ஜூன் 6, வெள்ளி

அவள் மூக்கை உடைக்கத்தான் காலையில் கோப்பைத் திறந்தேன். முழு எண் ரெஜிஸ்டர்கள் எல்லாம் பத்திரம். தசம எண் ரெஜிஸ்டர்கள்? — இல்லை. தேவைப்பட்டதே இல்லை, கையாளியில் தசமமே கிடையாது. இரண்டு மாதம் முன்பு அதில் ஒரு தசமப் பெருக்கலைச் சொருகிய மகானுபாவன் யார்? நிரலை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவேட்டில் பார்த்தேன். நான்.

அவள் நிரல் பாதிக் கணக்கில் இருக்கும்போது சென்சார் கத்தினால், அவள் எண் இருந்த இடத்தில் என் எண் உட்கார்ந்துகொள்கிறது. அட மடையா! நாலு வரியைச் சத்தமில்லாமல் சேர்த்தால் லிஃப்ட் சரியாகிவிடும். அறிக்கையில் ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருக்கும். அவள் வீட்டுக்குப் போவாள். — சீ, இதையும் நினைத்தேனே.

மேலாளரிடம் போனேன். “காரணம் நான்தான்.”

“அக்கா பொண்ணக் காப்பாத்தப் பாக்குறீங்க சார்.”

வாழ்நாளில் ஒருமுறை உண்மையைச் சொன்னால் இந்த மரியாதை! கையைப் பிடித்துக் கோபுரத்துக்கு இழுத்துப் போனேன். பழைய உறை: இருநூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டத்தில் நாலு விரல். நாலு வரி சேர்த்த புதியது: மாலைவரை இரண்டாயிரம் ஓட்டம், மயிரிழை பிசகவில்லை. ‘காரணம்’ கட்டத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன், பேனா முனை வளைகிற அளவுக்கு.

ஜூன் 27

அவள் நிரந்தரம். கூடவே புதுச் சட்டம்: என் அசெம்பிளி எதுவும் அவள் ஒப்புதலின்றி உள்ளே போகாது. இன்று ஏழு வரி அனுப்பினேன். மூன்றாவது வரியில் குறிப்பெழுதித் திருப்பிவிட்டாள்: “மாமா, இது எதுக்கு?”

பத்து நிமிடம் எரிமலையாகக் கொதித்தேன். எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.