ஞானஸ்நானத் துண்டில் பாதிப் பெயர்

ஓதீலியா,

நீயும் குழந்தையும் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. கருவாடு ஊறுகிறது, மதியம் தண்ணீரை மாற்றிவிடு.

பதினொரு மணிக்கு உன் அக்கா எர்மீனியா தையல் பெட்டியோடு வருகிறாளாம். ஞானத்தாய் ஆகப்போகிறவள், வரட்டும். தையல் பெட்டி எதற்கு? காலுறை தேடும்போது ஞானஸ்நானத் துண்டு கண்ணில் பட்டது. நீல நூலில் "உரா" வரை தைத்திருக்கிறது. நாம் பேசி முடித்தது மஃபால்டா அல்லவா? நம் நாட்டின் முதல் ராணி பெயர். உராக்காவும் பழைய ராணிதான். சரித்திர டீச்சரான உன் அக்கா எனக்கு மூன்று முறை பாடம் நடத்திவிட்டாள். ஆனால் இன்று யாரும் வைக்காத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மீன் சந்தையே திரும்பிப் பார்க்கும். நேற்று போனில் அவள் சொன்னது சமையலறை வரை கேட்டது: "உன் வீட்டுக்காரர்தானே? ரெண்டு நாள் மொறைப்பாரு, அப்புறம் அவரே தாலாட்டுவாருடி."

பிறப்பைப் பதிய நாளைதான் கடைசி நாள். அனுமதித்த பெயர்ப் பட்டியலில் உராக்கா இருக்காது என்று நம்பி, பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருக்கிறதாம்.

அதனால், நீங்கள் இருவரும் போய் அந்தப் பெயரைப் பதிந்துவிடாதபடி, உன் அடையாள அட்டையை எடுத்துப் போகிறேன். தேடாதே.

அபீலியு

பி.கு.: விடியற்காலையில் குழந்தை அழுதபோது "மஃபால்டா" என்றேன். இன்னும் கத்தினாள். சோதனைக்காக, உனக்குக் கேட்காமல், "உராக்கா" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்: பிறந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது, இவளை எப்போது உங்கள் கட்சியில் சேர்த்தீர்கள்?