நீங்கள் கரைசேர்த்த ராக்கெட்

அப்பா,

கொடியில் கிடக்கும் உங்கள் காக்கிச் சட்டையை அம்மா இன்னும் துவைக்கவில்லை. இன்று காலை அதை மடிக்க எடுத்தேன். கருகிய வாடை அடித்தது. மீன் வாடை இல்லை, பீடி வாடையும் இல்லை. அந்த ராக்கெட்டைக் கட்டிப்பிடித்துக் கரைக்கு வந்தீர்களே, அந்த வாடை.

சங்கு எடுக்க முங்குகிற உங்களைத் தனியார் ராக்கெட் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தபோது தெருவே சிரித்தது. அவர்கள் விடும் சோதனை ராக்கெட் பாராசூட்டில் கடலில் வந்து இறங்கும். மூழ்குவதற்குள் கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். "ஏளா, ராக்கெட்டுக் குழம்புக்கு மசாலா அரைச்சாச்சா?" என்று பக்கத்து வீட்டுச் சித்தி என்னைக் கேட்டார். வழக்கம்போல நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்: "அது முள்ளு சாஸ்தி. ஒனக்குத் தொண்டையில குத்திரும்."

ராக்கெட்டைக் கரையேற்றியதும் ஒரு காரியம் செய்தீர்கள். வள்ளத்து எஞ்சினைக் கழுவுகிற மாதிரி, குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி அதன்மேல் ஊற்றப் போனீர்கள்.

"ஐயோ அண்ணாச்சி, ஊத்தாதீங்க!" என்று இன்ஜினியர் ஓடி வந்தார்.

"உப்புத்தண்ணி குடிச்சிட்டு வந்து கெடக்கு. நல்ல தண்ணி ஊத்தாம மறுபடி எப்படி சார் ஓடும்?"

அவர் சிரித்துவிட்டார். சோதித்துச் சரிசெய்து இதையே திரும்பவும் மேலே அனுப்புவோம் என்றார்.

"இதையேவா?"

"இதையேதான் அண்ணாச்சி."

"அப்போ நான் பாக்கணும். போன் போட்டுச் சொல்லணும், ஆமா."

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து உங்கள் போன் வீட்டில் என்னிடம்தான் இருக்கும். அதன்பிறகு கடலிலிருந்து வந்ததும் உங்கள் முதல் கேள்வி, "ராக்கெட்டுக்காரன் கூப்பிட்டானாளா?" இல்லை என்று தலையாட்டுவேன்.

உங்களைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகுதான் அந்த இன்ஜினியர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி இருக்காங்களாம்மா?"

விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மாதான் சொன்னார். நீங்கள் இல்லை என்ற அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. "கடலுக்குப் போயிருக்காவ" என்றேன்.

"நாளைக்குக் காலைல விடுறோம். சொல்லிரும்மா."

"சொல்லுதேன்."

நேற்று ராக்கெட் விடுவதைப் பார்க்க நான் மட்டும் போனேன். அது போனது, அப்பா. முதலில் வெளிச்சம் வந்தது, சத்தம் பிறகு வந்தது. பனைகளைத் தாண்டி ஏறி வெயிலுக்குள் மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெகுநேரம் கழித்துப் பாராசூட் விரிந்து தெரிந்ததும் வள்ளம் கிளம்பியது. கயிற்றோடு வேறொருவர் முன்னால் நின்றார்.

இன்ஜினியர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி எங்கம்மா? இன்னும் கடல்லயா?"

"அப்பா செத்துப்போயிட்டாவ, சார்."

சத்தமாகத்தான் வந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் நடக்கத் தொடங்கியிருந்தேன்.

போன் வந்ததற்கும் ராக்கெட் ஏறியதற்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவு முழுக்க நீங்கள் கடலுக்குத்தான் போயிருந்தீர்கள், அப்பா. அதை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.